பாவாடைக்கு ரெண்டு கால்

ஜஹபர் நிஷா வெட்டிச் சீர்செய்த அந்த ஒரே ஒரு மெத்தடை அச்செடுத்துத் தரையில் விரித்தால், புதுச்சேரி நெல்லித்தோப்பில் ஆரம்பித்து, தவளக்குப்பம் சந்திப்பைத் தாண்டி, கடலூர் பஸ்களை மறித்துக்கொண்டு படுத்துக் கிடக்கும். சரி, முறைக்காதீர்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். இருபத்தோரு அடி இருந்தது. பட்டறை மாடியிலிருந்து படி வழியாக இறங்கி, கட்டிங் மேசையின் கால்மாட்டில் முடிந்தது. இஞ்ச் டேப் வைத்து அளந்தவர் கட்டிங் மாஸ்டர் பாவாடை. அவர் அளவில் பொய் இருக்காது.

மெத்தட் என்றால் பெரிய சமாசாரமில்லை. இதைச் செய், அதைச் செய் என்று கம்ப்யூட்டருக்கு எழுதித் தரும் கட்டளைகளை ஒரு கட்டாகக் கட்டி, அந்தக் கட்டுக்கு ஒரு பெயர் வைப்பது. நல்ல மெத்தட் ஒரு வேலை செய்யும். பெயரைப் படித்தாலே என்ன வேலையென்று தெரிந்துவிடும். தாஜுதீன் பாயின் பள்ளிச் சீருடைப் பட்டறையில் ஒன்பது வருஷமாக ஓடிய மெத்தடுக்கு, அதை எழுதிய பிரேம்குமார் வைத்த பெயர் ‘எல்லாம்’. பெயரில் அவன் பொய் சொல்லவில்லை. பள்ளிகளில் பிள்ளைகளை அளந்து கொண்டுவரும் எண்களை ஒரு முனையில் போட்டால், எந்தத் துணியில் எத்தனை துண்டு, என்ன நீளம், என்ன அகலம் என்று கட்டிங் ஷீட் மறுமுனையில் அச்சாகி வரும். நடுவில் ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு வரி. மூச்சு விட ஓர் இடம் கிடையாது.

அதற்கு பிரேம்குமாரைக் குற்றம் சொல்ல முடியாது. அவன் பேச்சே அப்படித்தான். காலையில் ஏன் தாமதம் என்று கேட்டால், முந்தின நாள் சாப்பிட்ட தோசையிலிருந்து ஆரம்பிப்பான். வருஷத்துக்கு ஒரு பள்ளி புதிதாகச் சேரும், கான்வென்ட் சிஸ்டர் ஒருவர் புதிதாக ஒரு மடிப்பு கேட்பார். அவனும் ‘எல்லாம்’ நடுவில் எங்கேயாவது நாலு வரியைச் செருகிவிடுவான். ஒருமுறை பையன்களின் கால்சட்டையில் பின்பாக்கெட் வைக்கச் செருகிய வரியால், சம்பந்தமே இல்லாத இன்னொரு பள்ளியில் அறுபது சட்டைகளின் காலர் குறுகிப்போயிற்று. ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை. செருகியதை எடுத்துவிட்டு வேறோர் இடத்தில் செருகினான், சரியாயிற்று. அதோடு விட்டுவிட்டார்கள்.

நிஷா நேர் எதிர். நீளமான எதையும் அவளால் தாங்க முடியாது. தன் கல்யாணப் பத்திரிகையையே எட்டு வரிக்குக் குறைத்தவள். பெயர் விட்டுப்போன பெரியப்பாமார் இரண்டு பேர் அவள் மகள் லமீஸுக்கு ஒன்பது வயதாகியும் இன்னும் முகம் திருப்பிக்கொண்டுதான் போகிறார்கள். பி.சி.ஏ. முடித்து, ரெட்டியார்பாளையத்தில் ஒரு கம்பெனியில் ஏழு வருஷம் அடுத்தவர் எழுதியதைப் பழுது பார்த்தாள். அந்தக் கம்பெனி சென்னைக்கு மாறியபோது, “அவங்க போகட்டும், நா வரல” என்று இங்கேயே நின்றுவிட்டாள். தாஜுதீன் பாய் அவளுடைய அம்மா வீட்டுத் தெருக்காரர். சிறுவயதிலிருந்தே மாமா என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு வருஷமாக அவர் பட்டறை மாடியில், பிரேம்குமாருக்கு அடுத்த நாற்காலி அவளுடையது. ‘எல்லாம்’ பக்கம் மட்டும் அவள் போனதில்லை. அது பிரேம்குமாரின் பேட்டை.

சிக்கல் ஏனாமிலிருந்து வந்தது.

பிரேம்குமாரின் மனைவி பூர்ணிமா அரசுப் பள்ளி ஆசிரியை. புதுச்சேரி அரசு உத்தியோகம் என்றால் காரைக்காலும் மாஹேயும் ஏனாமும் சேர்த்துத்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் தன் பெயருக்கு ஏனாம் வரும் என்று யாரும் நினைத்துக்கொள்வதில்லை. ஜனவரியில் உத்தரவு வந்தது. இரண்டு வயது இனியாவைத் தூக்கிக்கொண்டு, தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாமல், ஆந்திராவுக்குள் இருக்கும் அந்தத் துண்டு ஊருக்கு பூர்ணிமா போய்ச் சேர்ந்தாள். மூன்று வருஷத்துக்கு மாறுதல் கேட்க முடியாது. பிரேம்குமார் அங்கே ஓர் அரிசி ஆலையில் வேலையும் பேசி வைத்துவிட்டான். பாய் விட்டால்தான் ஆயிற்று.

“போறேன்னா போ. யாரு வேணாம்னா?” என்றார் பாய். “ஜூன்ல ஸ்கூலு தொறக்கும். ‘எல்லாம்’ நடுவுல நின்னுபோச்சுன்னா நா யார கூப்புடறது?”

“அங்கேருந்தே பாத்துக்கறேன் பாய். போன் இருக்கு, அப்புறம் நெட்டு இருக்கு, அப்புறம்...”

“துணி இங்க இருக்குது. நீ அங்க குந்திக்கினு எத்த பாப்ப?”

பிரேம்குமார் பேசாமல் மாடிக்கு வந்து உட்கார்ந்தான். அவன் பேசாமல் உட்கார்ந்து நிஷா பார்த்ததே இல்லை. ஒரு மணிநேரம் தாங்கினாள். பிறகு கீழே இறங்கிப் போனாள்.

“மாமா, ‘எல்லாம்’ எனக்குப் புரிஞ்சுட்டா அவர விட்டுடுவீங்களா?”

“அது அவனுக்கே புரியாது பிள்ள.”

“புரியற மாதிரி மாத்திட்டா?”

பாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மார்ச் முடியறதுக்குள்ள. அவன் தொடக் கூடாது. புதுசா ஒரு வேலை குடுப்பேன், நீ ஒண்டியா செஞ்சு காட்டணும். இல்லன்னா இந்த சீசன் முடியற வரைக்கும் அவன் இங்கதான்.”

சீசன் முடிய ஆகஸ்ட் ஆகும். அதற்குள் அரிசி ஆலைக்காரர் வேறு ஆளைப் போட்டுவிடுவார்.

முதல் வாரம் நிஷா படித்தாள். படித்தாள் என்று சொல்வதைவிட மூழ்கினாள் என்று சொல்லலாம். நாற்பதாவது வரியில் வைத்த ஒரு பெயர் அறுநூறாவது வரியில் திரும்பி வரும். அதற்குள் அது என்ன என்பது மறந்துபோயிருக்கும். ‘இப்படி இருந்தால்’ என்று திறந்த ஒரு கதவு எங்கே மூடுகிறது என்று தேடிப்போனால், அதற்குள் ஏழு கதவு திறந்திருக்கும். அப்போதுதான் அச்செடுத்துப் படியில் விரித்தாள். பாவாடை மாஸ்டர் அளந்தார். அதனாலும் ஒன்றும் விளங்கவில்லை.

இரண்டாவது வாரம் அவளுக்கு வேறு யோசனை வந்தது.

“பிரேம் அண்ணே, ஸ்கிரீன பாக்காதீங்க. சொவத்த பாத்துக்கினு சொல்லுங்க. ஒரு பிள்ளையோட அளவு உள்ள வருது. என்னா செய்வீங்க?”

பிரேம்குமாருக்கு இதைவிடச் சந்தோஷமான வேலை வேண்டுமா? நிமிர்ந்து உட்கார்ந்தான். “மொதல்ல எந்த ஸ்கூலுன்னு பாப்பேன். அப்புறம் ஆம்பளப் பிள்ளையா பொம்பளப் பிள்ளையா. அப்புறம் எந்த கிளாசு. அஞ்சு வரைக்கும்னா அரைக்கால் சட்டை, மேலன்னா முழுசு. அப்புறம், வில்லியனூர்ல ஒரு சிஸ்டர் இருந்தாங்களே, நல்லவங்க, ஆனா மடிப்பு விஷயத்துல மட்டும்...”

நிஷா கையில் சின்னச் சின்னச் சீட்டு. அவன் ஒவ்வொரு ‘அப்புறம்’ சொல்லும்போதும் ஒரு சீட்டைக் கிழித்து மேசையில் வைத்தாள். பள்ளியைக் கண்டுபிடி. வகுப்பைப் பார். மேல்சட்டை அளவைக் கணக்கிடு. மடிப்புக்குத் துணி விடு. சுருக்கத்துக்குக் கூடுதல் சேர். இரண்டு நாள், நடுவில் சிஸ்டர் கதை மட்டும் முக்கால் மணிநேரம். கடைசியில் மேசைமேல் நாற்பத்து மூன்று சீட்டு.

“இன்னாம்மா இது?” என்று கேட்டான்.

“உங்க ‘எல்லாம்’. நீங்களே பிரிச்சு வச்சிருந்தீங்க. எழுதும்போதுதான் ஒண்ணா கொட்டிட்டீங்க. ‘அப்புறம்’னு நீங்க மூச்சு விடற எடத்துலதான் வெட்டணும்.”

அதன்பிறகு வேலை ஓடியது. ஒரு சீட்டுக்கு ஒரு சின்ன மெத்தட். சீட்டில் எழுதியதே பெயர். ‘எல்லாம்’ உடம்பிலிருந்து பத்துப் பதினைந்து வரியைப் பக்குவமாகப் பெயர்த்தெடுத்து, பெயர் சூட்டித் தனியே உட்காரவைத்து, பழைய இடத்தில் அந்தப் பெயரை மட்டும் எழுதுவாள். உடனே போன வருஷத்துப் பிள்ளைகளின் அளவைப் பழையதிலும் புதியதிலும் ஓட்டி ஒப்பிட்டுப் பார்ப்பாள். ஓர் எண் மாறினாலும் திரும்பப் பழையபடி வைத்துவிட்டு மறுபடி பெயர்ப்பாள். வெளியே வருவது மாறக் கூடாது, உள்ளே இருப்பது மட்டும் விளங்க வேண்டும். அதுதான் இந்த வேலையின் விரதம்.

வீட்டிலும் இதே புத்தி ஒட்டிக்கொண்டது. கணவன் முஹம்மது ஆரிப் கடையைச் சாத்திவிட்டுத் தாமதமாக வந்ததற்குக் காரணம் சொல்ல ஆரம்பித்தால், விரலை மடக்கிக்கொண்டே கேட்பாள்.

“இதுல நாலு ‘அப்புறம்’ இருக்கு. எனக்கு நாலாவது மட்டும் போதும்.”

“பிரியாணி வாங்கியாந்திருக்கேன்.”

“இத மொதல்லயே சொல்லியிருந்தா இன்னேரம் தட்டு வச்சிருப்பேனே!” லமீஸ் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

மார்ச் மூன்றாவது வாரம், இனியாவின் பிறந்தநாளுக்கென்று பிரேம்குமார் நாலு நாள் லீவு போட்டு ஏனாம் போயிருந்தான். அன்றைக்கு நிஷா வெட்டி எடுத்தது பெண்பிள்ளைகளின் பாவாடைப் பகுதி. பாவாடை தைத்த ஒரே பள்ளி இரண்டு வருஷத்துக்கு முன்பே நின்றுவிட்டது. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய அளவுகள் கைவசம் இல்லை. மாதிரிக்கு ஒரு ஷீட் அச்செடுத்து, “மாஸ்டர், கண்ணால ஒருதரம் பாத்துடுங்க” என்று கீழே கொடுத்தனுப்பினாள்.

கட்டிங் மாஸ்டர் ஷீட்டைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு தவளக்குப்பத்தில் ஒரு பள்ளியில் பேசிக்கொண்டிருந்த பாய்க்கு நேராகப் போன் போட்டுவிட்டார்.

“பாய், பாவாடைக்கு ரெண்டு கால் வந்திருக்கு.”

“யோவ் பாவாடை, ஒனக்குப் பொறந்ததுலேருந்தே ரெண்டு காலுதானய்யா!”

“எனக்கில்ல பாய். பாவாடைக்கு.”

“நீதானய்யா பாவாடை!”

“ஐயோ, துணிப் பாவாடை பாய்! கட்டிங் ஷீட்ல பாவாடைக்குக் காலு ரெண்டு பீஸ் வெட்டச் சொல்லி வந்திருக்கு. பதினெட்டு இஞ்ச் நீளம்.”

பாய் அரைமணியில் பட்டறையில் இருந்தார். ஷீட்டை வாங்கிப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூட நிஷாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் ஷீட்டை மெதுவாக நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“ஒன்ன சொல்லல பிள்ள. அந்த மெத்தடு அப்படி. பிரேம் ஆகஸ்டு வரைக்கும் இங்கயே இருக்கட்டும். பொண்டாட்டி பிள்ளைய ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் போய்ப் பாக்கட்டும்.”

“மார்ச் முடிய இன்னும் பத்து நாளு இருக்கு மாமா.”

“பாவாடைக்குக் கால் வச்சிட்டியே!”

“வச்சது நான்தான். எடுத்துடறேன்.”

மாடிக்கு வந்து மண்டையை உடைத்துக்கொண்டாள். பிரேம்குமார் பெயர்களையெல்லாம் தமிழில்தான் வைப்பான், ஆங்கில எழுத்தில். கை, கழுத்து, இடுப்பு, கால். ‘கால்’ முப்பத்தோரு இடத்தில் வந்தது. அத்தனையையும் அவள் கால்சட்டையின் கால் என்றே எடுத்துக்கொண்டு பெயர் மாற்றியிருந்தாள். பாவாடையில் கால் எதற்கு? யோசித்தாள். சட்டென்று பொறி தட்டியது. தையலுக்கு இரண்டு பக்கமும் விடுவது எவ்வளவு? கால் இஞ்ச்! ஆயிரத்து முந்நூறு வரி நீளத்தில் ஒரே பெயர் ஓர் இடத்தில் தொடையிலிருந்து கணுக்கால் வரை, இன்னோர் இடத்தில் ஓர் இஞ்சில் நாலில் ஒரு பங்கு. நாற்பத்து மூன்று சீட்டாக வெட்டியாயிற்று. எந்தச் சீட்டுக்கு எந்தக் கால்? பிரேம்குமார் சொன்னதைப் போனில் பதிந்து வைத்திருந்தாள். போட்டுக் கேட்டாள். “அப்புறம் கால சேர்ப்பேன்” என்றது குரல். எந்தக் காலை? குரலுக்குத் தெரியவில்லை.

ஏனாமுக்கு வீடியோ கால் போட்டாள். எழுதியவனிடம் கேள்வி கேட்பது தப்பில்லை; அவன் தொடக் கூடாது, அவ்வளவுதானே.

“அண்ணே, நூத்து எழுபதாவது வரி. அந்தக் கால் எந்தக் கால்?”

“அதாம்மா, கால்!” என்றான் பிரேம்குமார். திரையில் அவன் முகம் மட்டும்தான் தெரிந்தது. தோள் அசைந்தது. கீழே கை என்னவோ செய்தது.

“கை தெரியல அண்ணே, மூஞ்சிதான் தெரியுது!”

“இங்க குடுங்க” என்று பூர்ணிமாவின் குரல் கேட்டது. போன் எழும்பி, ஆடி, தூரப் போய் நின்றது. இப்போது முழு பிரேம்குமாரும் தெரிந்தான். இனியா அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “ம், கேளு நிஷா. மனுஷன் கையில்லாம பேச மாட்டாரு. கட்டிக்கினவளுக்குத் தெரியும்.”

நூற்று எழுபது. பிரேம்குமார் தொடையில் தட்டினான். இருநூற்றுப் பன்னிரண்டு. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து ஒரு சிட்டிகை இடைவெளி காட்டின. ஐந்நூறு, தொடை. அறுநூற்று எட்டில் மடிப்பு, சிட்டிகை. நிஷா குறித்துக்கொண்டே போனாள். நாலாவது தட்டுக்கு இனியாவும் தன் தொடையில் தட்ட ஆரம்பித்தாள்.

“அப்போ ‘அரைக்கால்’னு ஒண்ணு இருக்கே, அது கால்ல பாதியா, காலிஞ்ச்ல பாதியா?”

“அது நிக்கரும்மா!”

“எழுநூத்து நாப்பது? இதுவும் மடிப்புதான்.”

தொடை.

“இல்லையே” என்றாள் பூர்ணிமா போனுக்குப் பின்னாலிருந்து. “இப்பதான அதே மடிப்புக்கு வெரல காட்டுனீங்க? ஒரே மடிப்புக்கு ஒருதரம் தொடை, ஒருதரம் வெரலா?”

பிரேம்குமார் யோசித்தான். வெட்கத்தோடு சிட்டிகை காட்டினான்.

இருபத்தாறாவது காலுக்கு வந்தபோது தொடையும் தட்டவில்லை, விரலும் காட்டவில்லை. கை மெல்ல மேலே போய்க் கழுத்தைத் தடவியது.

“என்னாண்ணே?”

“அது... காலர்மா. அன்னைக்கு அவசரத்துல கடைசி எழுத்துங்கள விட்டுட்டேன் போல.”

நிஷா வாய்விட்டுச் சிரித்தாள். பின்பாக்கெட்டுக்காகக் ‘கால்’ அளவைத் தொட்டதில் அறுபது சட்டையின் காலர் ஏன் குறுகியது என்று பட்டறைக்கு இத்தனை வருஷம் கழித்து விளங்கிற்று. தொடைக்கால் பதினெட்டு, சிட்டிகைக்கால் பன்னிரண்டு, கழுத்தில் ஒன்று. மூன்றுக்கும் மூன்று பெயர் வைத்தாள்: கால்நீளம், காலிஞ்ச், காலர். வேலை என்னவோ அவ்வளவுதான்; ஆனால் அந்த மூன்று பெயரும் வந்த பிறகு நாற்பத்து மூன்று சீட்டும் தாமாகவே வாயைத் திறந்து பேசின. ‘எல்லாம்’ இருந்த இடத்தில் இப்போது இருபது வரி. முதலில் பள்ளி, பிறகு வகுப்பு, பிறகு அளவு என்று யார் படித்தாலும் புரியும். போன வருஷத்து மூவாயிரத்துச் சொச்சம் பிள்ளைகளை ஓட்டினாள். ஓர் எண்கூட மாறவில்லை. பாவாடை ஷீட்டை மாஸ்டரிடம் கொடுத்தாள். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, “காலு போச்சு” என்றார் திருப்தியாக.

இருபத்தெட்டாம் தேதி பாய் ஒரு கடிதத்தோடு மாடியேறி வந்தார். பிரேம்குமார் ஊரிலிருந்து திரும்பியிருந்தான். பாய் அவனைக் கையால் ஓரமாக நகர்த்திவிட்டு நிஷாவின் மேசையில் கடிதத்தை வைத்தார்.

“ரெட்டியார்பாளையம் ஸ்கூலு. பொம்பளப் பிள்ளைங்க பாவாடையில பாக்கெட்டு வேணுமாம். பேனா வைக்க, பஸ் பாஸ் வைக்க. பிரேம்னா மூணு வாரம் கேப்பான். நீ சொல்லு.”

நிஷா கடிதத்தைப் படித்தாள். கீழே ஒரு பிள்ளை பென்சிலால் படம்கூட வரைந்து அனுப்பியிருந்தது. “மத்தியானச் சோறு துன்ற நேரத்துக்குள்ள” என்றாள்.

பாவாடைத் துண்டுகளைச் சொல்லும் மெத்தட் பதினோரு வரி. அதில் ஒரு வரி சேர்த்தாள்: பாக்கெட். பாக்கெட்டின் அளவுக்கென்று தனியாக ஒரு குட்டி மெத்தட் எழுதினாள். மற்ற பள்ளிகளை ஓட்டிப் பார்த்தாள். எந்தக் காலரும் குறுகவில்லை. பிரேம்குமார் பக்கத்து நாற்காலியில் கையை அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதடு துடித்தது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அவனுடைய ஆயுளில் அது ஒரு சாதனை. கீழே மாஸ்டர் வெட்டினார், மெஷினில் கோபிநாத் தைத்தான். ஒரு மணிக்கு நீல நிறப் பாவாடை ஒன்று மாடிக்கு வந்தது. பாய் பாக்கெட்டுக்குள் கையை விட்டார். மணிக்கட்டு வரை போயிற்று. கையை வெளியே எடுக்காமல் அப்படியே நின்றார்.

“சரியா இருக்கா மாமா?”

“இருக்குது.” உள்ளே விரல்களை விரித்துப் பார்த்தார். “சரியாதான் இருக்குது. ஒன்பது வருஷமா எதுத்தாப்ல குந்திக்கினு சோறு துன்னவன். ‘எல்லாம்’ நின்னுபோகும்னு சொல்லியே நிறுத்தி வச்சிருந்தேன். இப்ப எத்த சொல்லி நிறுத்துவேன்?”

பிரேம்குமார் தரையைப் பார்த்தான். “பாய்...” என்று ஆரம்பித்தான், அதற்குமேல் வரவில்லை.

“போடா” என்றார் பாய். “மூணு வருஷம் கழிச்சு அந்தப் பொண்ணுக்கு மாறுதல் கெடைச்சதும் திரும்பி வா. நாற்காலி இருக்கும். இப்ப அவளுக்குப் போனு போடு, நானே சொல்றேன்.”

பிரேம்குமார் போனை மேசையில் வைத்து எல்லாருக்கும் கேட்கும்படி போட்டான். பள்ளி இடைவேளை, பின்னால் தெலுங்கில் பிள்ளைகளின் கூச்சல்.

“பூர்ணிமாம்மா, ஒம் புருஷன அனுப்பி வைக்கிறேன்” என்றார் பாய். “நல்லபடியா வச்சிக்க.”

“சரிங்க பாய்” என்றாள் பூர்ணிமா. மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

அதற்குள் பிரேம்குமாருக்கு வாய் திரும்பி வந்துவிட்டது. “பூர்ணி, வியாழக்கிழமை சாயங்காலம் ரயில் ஏறிடறேன், அப்புறம் வெள்ளிக்கிழமை காக்கிநாடா, அப்புறம் அங்கேருந்து பஸ்ஸு, அப்புறம்...”

“புதன்கிழமை” என்றாள் பூர்ணிமா. “டிக்கெட்டு நாந்தான் போட்டேன். போன மாசமே.”